நடந்தால் சரியாகிவிடுமா? நாள்பட்ட சோர்வு நோய் பற்றி வாசகர் கேள்விகள்

கோவிட்டுக்குப் பின் நீடிக்கும் சோர்வு குறித்து இப்பகுதியில் எழுதியதைத் தொடர்ந்து சென்னை வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பல, ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன: நாள்பட்ட சோர்வு நோய்க்கு உடற்பயிற்சியும் மனநலச் சிகிச்சையுமே தீர்வு என்று சொல்லப்படும்போது, நோயாளிகளே ஏன் அதை எதிர்க்கிறார்கள்? ஆகவே இந்த இதழில் அது ஒன்றுக்கு மட்டுமே இடம். சர்க்கரை நோய் பற்றி எழுதியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: என் மகளுக்கு 27 வயது. 2021இல் கொரோனா வந்து போன பிறகு அவள் பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை. குளித்துத் தலை வாரிக்கொண்டாலே படுக்க வேண்டியிருக்கிறது. இரத்தப் பரிசோதனைகள் எல்லாம் நார்மல். இது நாள்பட்ட சோர்வு நோய் என்று சொன்ன மருத்துவர், மொட்டை மாடியில் தினமும் ஐந்து நிமிடம் நடக்க வேண்டும், வாரந்தோறும் அதைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், கூடவே மனநல ஆலோசகரையும் பார்க்க வேண்டும் என்றார். மூன்றாவது வாரத்தில் அவள் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டாள். வெளிநாடுகளில் நோயாளிகள் இந்தச் சிகிச்சையை எதிர்க்கிறார்கள் என்று என் மூத்த மருமகன் சொல்கிறார். “நோயாளிகள் பேச்சைக் கேட்டு வைத்தியம் பார்க்க முடியாது” என்கிறார் மருத்துவர். யார் சொல்வதைக் கேட்பது?
— இரா. வ., நங்கநல்லூர்

பதில்: அம்மா, நடையைக் கூட்டும் அட்டவணையை முதலில் நிறுத்திவிடுங்கள். படுத்திருக்கும் பெண்ணை, மனதைத் திடப்படுத்திக்கொண்டு எழுந்து நட என்று யாரும் வற்புறுத்த வேண்டாம். இதைச் சொல்வது நோயாளிகள் மட்டும் அல்லர். இங்கிலாந்தில் சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டுதல் வகுக்கும் ‘நைஸ்’ நிறுவனம் 2021 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையில், இந்த நோயாளிகளுக்குக் குறித்த அளவில் ஏற்றிக்கொண்டே போகும் உடற்பயிற்சித் திட்டம் எதையும் அளிக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே கூறியிருக்கிறது. அதே நிறுவனம் 2007இல் லேசான, நடுத்தரமான பாதிப்பு உள்ளவர்களுக்கு அதே சிகிச்சையைப் பரிந்துரைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் மருத்துவர் படித்தது அந்தப் பழைய பாடமாக இருக்கலாம். அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சி.டி.சி. 2017இலேயே இந்த உடற்பயிற்சி, மனநலச் சிகிச்சை ஆகிய இரண்டுக்குமான பரிந்துரையைக் கைவிட்டது. கோவிட்டுக்குப் பிறகு சிறு உழைப்பிலேயே நிலை மோசமடைகிறவர்களுக்கு, உடலின் சக்தியைச் சிக்கனமாகச் செலவிடும் முறைகளைக் கற்பிக்கலாம் என்பதே 2022இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன ஆலோசனை.

நோயாளிகளின் எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொள்ள, சிகிச்சைக்குப் பின்னால் இருந்த கோட்பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1980களின் இறுதியிலிருந்து இங்கிலாந்தின் மனநல மருத்துவர்கள் சிலர் ஒரு விளக்கத்தை முன்வைத்தனர். நோய் ஒரு வைரஸ் காய்ச்சலில் தொடங்கியிருக்கலாம், ஆனால் அந்தக் காய்ச்சல் போன பின்னும் நோயாளி தன்னை நோயாளியாகவே எண்ணி, அசைந்தால் ஆபத்து என்று அஞ்சி, படுத்தே கிடந்து உடல் வலுவை இழக்கிறார், இழந்த வலுவினால் மேலும் சோர்ந்து அந்த அச்சம் உறுதிப்படுகிறது என்பது அவர்கள் கருத்து. அதன்படி, அச்சத்தைக் களைய சி.பி.டி. எனப்படும் பேச்சுச் சிகிச்சையும், வலுவை மீட்கப் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியும் போதும். இடையில் வலியோ சோர்வோ கூடினால் அது பழக்கமில்லாத உடலின் இயல்பான எதிர்வினை, அதற்காகப் பின்வாங்கக் கூடாது என்பதும் அந்தப் போதனையில் அடக்கம்.

நோயாளிகள் மறுத்தது இந்தக் கடைசிப் பகுதியைத்தான். இந்த நோயின் தனி அடையாளமே, உழைப்புக்கு உடனே வராமல் பல மணி நேரம் கழித்தோ மறுநாளோ வந்து, நாள் கணக்கிலும் சில சமயம் வாரக் கணக்கிலும் நீடிக்கும் சரிவுதான். மாடியில் நடந்த அன்று மாலை உங்கள் மகள் நன்றாகவே இருந்திருப்பாள். அதைப் பார்த்துவிட்டு, நாளைக்கு இன்னும் இரண்டு நிமிடம் நடக்கலாம் என்று நீங்களும் சொல்லியிருப்பீர்கள். மூன்றாம் நாள் விழுந்ததற்கு முதல் நாள் நடைதான் காரணம் என்பது பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. அனுபவிப்பவருக்கு மட்டுமே தெரியும் இந்தத் தொடர்பைத்தான் நோயாளிகள் பல ஆண்டுகளாக எடுத்துச் சொன்னார்கள். அச்சத்தின் அறிகுறியாக அது குறித்துவைக்கப்பட்டது.

கேள்வி: லான்செட் மருத்துவ இதழில் வெளியான ‘பேஸ்’ ஆய்வு, இந்தச் சிகிச்சைகள் பலனளிப்பதாக நிறுவியது என்று படித்தேன். மருத்துவப் பயிற்சியே இல்லாத நோயாளிகள் அதில் குறை கண்டுபிடித்தார்கள் என்பதை நம்ப முடியவில்லை. ஓய்வு பெற்ற கணித ஆசிரியன் என்ற முறையில் கேட்கிறேன், கணக்கில் அப்படி என்ன கோளாறு?
— கோ. சு., மயிலாப்பூர்

பதில்: கணக்காகவே சொல்லிவிடுகிறேன். 641 நோயாளிகளைக் கொண்டு, ஏறத்தாழ 50 லட்சம் பவுண்டு பொதுப்பணச் செலவில் இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வு அது. நிதி அளித்தவற்றுள் நலிவுற்றோர் உதவித்தொகையைக் கவனிக்கும் அரசுத் துறையும் ஒன்று என்பது நோயாளிகளுக்குத் தொடக்கத்திலிருந்தே உறுத்தலாக இருந்தது, அதை விட்டுவிடுவோம். ஒரு குழுவுக்கு வழக்கமான மருத்துவக் கவனிப்பு மட்டும் கிடைத்தது. மற்ற மூன்று குழுக்களுக்கு அதனுடன் முறையே சி.பி.டி., கூட்டும் உடற்பயிற்சி, உள்ள சக்திக்குள் செயல்படப் பழக்கும் முறை ஆகியவை தரப்பட்டன.

படியேறுவது, காய்கறிப் பையைத் தூக்குவது, குளிப்பது போன்றவற்றில் எவ்வளவு சிரமம் என்று கேட்டு, உடல் இயக்கத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் இடும் கேள்வித்தாள் ஒன்று உண்டு. ஆய்வில் சேர ஒருவருடைய மதிப்பெண் 65 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும், அதாவது நன்றாகவே பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டும். குணமடைந்தவர் என்று கணக்கிட 85 வேண்டும் என்பது ஆய்வு தொடங்கும்போது எழுதிவைக்கப்பட்ட விதி. முடிவுகள் வெளியானபோது அந்த 85, 60 ஆகியிருந்தது. இப்போது பாருங்கள், 65 மதிப்பெண்ணுடன் உள்ளே வந்தவர், ஓராண்டு சிகிச்சைக்குப் பின் 60க்கு இறங்கினாலும் இந்த அளவுகோலின்படி இயல்பான உடல்நிலைக்குத் திரும்பியவர். 65 வாங்கியவர்களைத் தோல்வி என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டு, ஆண்டு முடிவில் 60 வாங்கியவர்களைத் தேர்ச்சி என்று விளம்பரம் செய்யும் டுடோரியல் கல்லூரியை உங்கள் பணிக்காலத்தில் நீங்கள் விட்டுவைத்திருப்பீர்களா? குணமடைந்தவர் பட்டியலில் இடம்பெற வேறு நிபந்தனைகளும் இருந்தன என்பது உண்மைதான். ஆயினும் ஆய்வில் சேர்ந்த நாளிலேயே ஏறத்தாழ 13 சதவீதம் பேர், உடல் இயக்கம், சோர்வு ஆகிய இரண்டில் ஏதேனும் ஒன்றில் இந்த ‘இயல்பான’ எல்லைக்குள் இருந்தார்கள் என்பது பின்னர் தெரியவந்தது.

அந்த 60 எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குப் பிடிக்கும். பொதுமக்களிடம் எடுத்த ஒரு கணக்கெடுப்பின் சராசரி 84, திட்ட விலக்கம், அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறியிருக்கும் அளவு, 24. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தார்கள். அந்தக் கணக்கெடுப்பில் முதியவர்களும் நாள்பட்ட நோயாளிகளும் இருந்தார்கள். பெரும்பாலானவர்கள் 100க்கு அருகே குவிந்திருக்க, வயதானவர்கள் சிலர் மிகக் கீழே இருக்கும் இத்தகைய பரவலில், மணி வடிவ வளைகோட்டுக்கு உரிய கணக்கைப் போட்டால் எல்லைக்கோடு எவ்வளவு கீழே போய் விழும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

2013இல் வெளியான கட்டுரை, இரு சிகிச்சைகளிலும் 22 சதவீதம் பேர் குணமடைந்ததாகச் சொன்னது. 2014இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நோயாளி ஒருவர், பெயர் விவரங்கள் நீக்கிய மூலத் தரவை இங்கிலாந்தின் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டார். தரவை வைத்திருந்த பல்கலைக்கழகம் மறுத்தது. தகவல் ஆணையர் 2015இல் தரச் சொன்னபோது மேல்முறையீடு செய்தது, வழக்குக்காக இரண்டு லட்சம் பவுண்டுக்கு மேல் செலவழித்தது, 2016 ஆகஸ்டில் தோற்றது. வெளிவந்த தரவை முதலில் எழுதிவைத்த விதிப்படி நோயாளிகளும் சில கல்வியாளர்களும் சேர்ந்து மறுகணக்கிட்டபோது, குணமடைந்தவர்கள் சி.பி.டி.யில் 7 சதவீதம், உடற்பயிற்சியில் 4 சதவீதம், இவை எதுவும் பெறாத குழுவில் 3 சதவீதம். தற்செயல் என்று ஒதுக்கிவிடக்கூடிய வேறுபாடு அது. முன்னேற்றம் கண்டவர்கள் சுமார் 60 சதவீதம் என்று முன்பு சொல்லப்பட்ட எண்ணும், ஆய்வாளர்களே பழைய விதிப்படி கணக்கிட்டபோது சுமார் 20 ஆயிற்று. ஒப்பீட்டுக் குழுவில் 10.

மதிப்பெண் போகட்டும், அளந்து பார்த்ததில் என்ன கிடைத்தது? ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்ற சோதனையில், உடற்பயிற்சிக் குழு ஓராண்டுக்குப் பின் சராசரியாக 379 மீட்டர் நடந்தது; வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட சுமார் 30 மீட்டர் அதிகம், ஆனால் ஆரோக்கியமானவர்கள் நடக்கும் தூரத்துக்கு வெகு கீழே. உடல் திறன் கூடவில்லை, வேலைக்குத் திரும்பியோர் எண்ணிக்கையும் கூடவில்லை. இரண்டரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது நான்கு குழுக்களுக்கும் இடையே வேறுபாடே இல்லை. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்த ஆய்வில், முதன்மை முடிவுகள் நோயாளி தன் வாயால் சொல்வதையே நம்பியிருந்தன. ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே பங்கேற்பாளர்களுக்கு அனுப்பிய செய்திமடலில் சிகிச்சையைப் புகழ்ந்த வாசகங்கள் அச்சாகியிருந்தன. மாற்றங்களை எல்லாம் தரவை ஆராய்வதற்கு முன்பே, மேற்பார்வைக் குழுவின் ஒப்புதலுடன்தான் செய்தோம் என்பது ஆய்வாளர்களின் பதில். அது உண்மையாகவே இருந்தாலும், 65க்கும் 60க்கும் இடையிலான முரண் அதனால் தீரவில்லை என்பது என் கருத்து.

கேள்வி: நான் பிசியோதெரபிஸ்ட். முதுகுவலியிலிருந்து மாரடைப்புவரை எதற்கும் அசைவே மருந்து என்று கற்று, அதைக் கண்ணால் பார்த்தும் வருகிறேன். மனநோய் என்ற முத்திரைக்கு அஞ்சியே இந்த நோயாளிகள் நல்ல சிகிச்சையை மறுக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தவறா?
— வாசகர், அம்பத்தூர்

பதில்: இது நேர்மையான கேள்வி. இங்கிலாந்தின் மருத்துவக் கல்விச் சங்கங்கள் சிலவும் ஏறக்குறைய இதே மனநிலையில்தான் 2021 ஆகஸ்டில் எதிர்ப்புத் தெரிவித்தன, நைஸ் வழிகாட்டுதல் இரண்டு மாதங்களுக்கு மேல் தள்ளிப்போயிற்று. நம் ஊரில் மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்குகிறவர்கள் உண்டு என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் இந்த நோயாளிகளின் விமர்சனத்தைப் படித்தால், அவர்கள் எதிர்ப்பது உளவியலை அன்று. புற்றுநோயாளிக்கும் சி.பி.டி. உதவுகிறது, நோயோடு வாழும் துயரத்தைத் தாங்க உதவுகிறது. ஆனால் உங்கள் கட்டி தவறான எண்ணத்தால் நிலைத்திருக்கிறது என்று அங்கே யாரும் சொல்வதில்லை. அந்த வேறுபாட்டைத்தான் நைஸ் ஏற்றுக்கொண்டது. விரும்புவோருக்குத் துணையாக சி.பி.டி. தரலாம், குணமாக்கும் சிகிச்சையாக அன்று என்பது இப்போதைய நிலை. அதுவரை வந்திருந்த ஆய்வுச் சான்றுகளை அந்த நிறுவனம் மதிப்பிட்டபோது, இரு சிகிச்சைகளுக்குமான சான்றுகளின் தரம் குறைவு அல்லது மிகக் குறைவு என்றே வகைப்படுத்தியது.

உங்கள் துறைக்கு நெருக்கமான சான்றுகளைச் சொல்கிறேன். சைக்கிள் மிதிக்கவைத்து ஆக்சிஜன் பயன்பாட்டை அளக்கும் சோதனையை அடுத்தடுத்த இரு நாள்கள் செய்தால், படுத்தே இருந்து வலுவிழந்தவர்கூட இரண்டாம் நாளும் ஏறத்தாழ முதல் நாள் அளவை எட்டிவிடுகிறார். இந்த நோயாளிகள் பலருக்கு இரண்டாம் நாள் அளவு குறைகிறது. 2024இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், இதே சரிவு உள்ள நீண்ட கோவிட் நோயாளிகளின் தசையை உடற்பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்தபோது, பயிற்சிக்குப் பின் திசுச் சேதம் கூடியிருந்ததையும், செல்களின் சக்தி உற்பத்தி குறைந்திருந்ததையும் கண்டனர். 15,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுவை ஆராய்ந்து 2025இல் முன்பதிப்பாக, அதாவது பிற நிபுணர்களின் சரிபார்ப்புக்கு முன்பே, வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்று, நோயுடன் தொடர்புடைய எட்டு மரபணுப் பகுதிகளைச் சுட்டியது. காரணம் முழுதாகப் புலப்பட்டுவிட்டது என்று இவற்றை வைத்துச் சொல்ல முடியாது. வலுவிழப்பும் அச்சமும் மட்டுமே காரணம் என்பது நிற்காது என்று சொல்லலாம்.

இன்னொன்றும் உங்களைப் போன்றவர்கள் யோசிக்க வேண்டியது. மாத்திரையால் தீங்கு நேர்ந்தால் பதிவு செய்ய இங்கிலாந்தில் ஓர் ஏற்பாடு உண்டு. பேச்சுக்கும் பயிற்சிக்கும் அப்படி இல்லை. நோயாளி அமைப்புகள் எடுத்த கணக்கெடுப்புகளில், கூட்டும் உடற்பயிற்சியால் நிலை மோசமானதாகச் சொன்னவர்களே பெரும்பான்மை. பாதிக்கப்பட்டவர்களே அதிகம் பதிலளித்திருப்பார்கள் என்ற ஆட்சேபம் நியாயமானது. அப்படியென்றால் அதை முறையாகப் பதிவு செய்யும் பொறுப்பு யாருடையது?

கேள்வி: என் மனைவி ஒரு வருடமாக இப்படித்தான் இருக்கிறார். என் தாயார், “எல்லாம் சோம்பேறித்தனம், நாங்கள் பத்துப் பேருக்குச் சமைத்தவர்கள்” என்கிறார். நண்பர் ஒருவர் மனச்சோர்வாக இருக்கும் என்கிறார். எப்படித் தெரிந்துகொள்வது?
— ப. செ., பெரம்பூர்

பதில்: ஒரு வருடமாகியும் பார்க்காமல் விட்டிருந்தால், முதலில் இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, பி12 குறைபாடு, காசநோய், தூக்கத்தில் மூச்சுத் தடை ஆகியவற்றை விலக்க வேண்டும். நம் பெண்களிடம் இரத்தசோகை எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எழுந்து நின்ற பத்து நிமிடத்துக்குள், இரத்த அழுத்தம் இறங்காமலேயே நாடித்துடிப்பு 30க்கு மேல் கூடுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த நோயாளிகளிடம் அடிக்கடி காணப்படுவது, பலமுறை தவறிப்போவது அது.

மனச்சோர்வில் பொதுவாக ஆசையே வற்றிவிடுகிறது. உங்கள் மனைவியிடம், உடம்பு சரியானால் நாளை என்ன செய்வாய் என்று கேட்டுப் பாருங்கள். கோயிலுக்குப் போக வேண்டும், தங்கை வீட்டுக்குப் போக வேண்டும், விட்ட வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று பட்டியல் நீண்டால், குறை மனதில் இல்லை. மனச்சோர்வு உள்ளவர் நடந்துவிட்டு வந்தால் சற்றே தெளிகிறார், இவர் இரண்டு நாள் விழுகிறார். நீண்ட நோயினால் மனச்சோர்வும் சேர்ந்து வரலாம், அதற்குத் தனியே மருத்துவம் செய்ய வேண்டும்.

தாயாரைக் கோபிக்க வேண்டாம். படித்தவர்களும் இதையே சொல்லியிருக்கிறார்கள். 1955இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஊழியர்களில் 290க்கும் மேற்பட்டோர் இத்தகைய நோயில் விழுந்து, மருத்துவமனையையே சில மாதங்கள் மூட நேர்ந்தது. 15 ஆண்டுகள் கழித்து இரு மனநல மருத்துவர்கள், அந்த நோயாளிகளில் ஒருவரைக்கூடப் பரிசோதிக்காமல், பழைய குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு அது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெண்கள் அதிகம் என்பதும் அவர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் இதை நரம்பு மண்டல நோய்களின் வரிசையில்தான் வைத்திருக்கிறது.

கேள்வி: நான் நோயாளி. மனநல ஆலோசகரிடம் போகச் சொல்கிறார்கள். போகலாமா, மறுக்கலாமா?
— வாசகி, வேளச்சேரி

பதில்: உங்களுக்கு விருப்பமிருந்தால் போகலாம். முதல் சந்திப்பிலேயே, என் நோய் என் எண்ணத்தால் நீடிக்கிறது என்று கருதுகிறீர்களா என்று கேட்டுவிடுங்கள். ஆம் என்றால் வேறொருவரைத் தேடுங்கள். பேசுவதும் உழைப்பே என்பதால், நேரில் போய்க் காத்திருக்காமல், தொலைபேசியில் இருபது நிமிடம் போதும் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

கேள்வி: உடற்பயிற்சி கூடாது என்றால் யோகா செய்யலாமா? வேறு என்னதான் செய்வது?
— தி. ம., திருவான்மியூர்

பதில்: யோகா என்று பெயர் வைத்துவிட்டால் சூரிய நமஸ்காரம் உழைப்பு இல்லை என்று ஆகிவிடாது. படுத்தபடியே செய்யும் மெல்லிய மூச்சுப் பழக்கம் சிலருக்கு இதமாக இருக்கிறது. மறுநாளும் அதற்கு மறுநாளும் சரிவு இல்லையென்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

நோயாளிகள் தாங்களாகவே கண்டறிந்து, இப்போது வழிகாட்டுதல்களிலும் இடம்பெற்றிருப்பது, உள்ள சக்தியின் எல்லைக்குள் வாழும் முறை. இதுவும் நோயைக் குணப்படுத்தாது, சரிவுகளைக் குறைக்கும். பேஸ் ஆய்வில் இம்முறை பலன் தரவில்லையே என்பவர்களுக்கு, அங்கே கற்பிக்கப்பட்டது தாங்கள் கடைப்பிடிக்கும் முறை அன்று என்று நோயாளிகள் பதில் சொல்கிறார்கள். நடைமுறையில், நன்றாக இருக்கும் நாளில் தேங்கிய வேலையை எல்லாம் முடித்துவிட வேண்டும் என்ற உந்துதலை அடக்குவதுதான் இதில் மிகக் கடினமானது. குளியலறையிலும் சமையலறையிலும் ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்ளலாம். குளியலையும் சமையலையும் ஒரே காலையில் வைத்துக்கொள்ள வேண்டாம். கத்திரி வெயில் காலத்தில் எல்லை இன்னும் சுருங்கும் என்பதை வீட்டார் உணர வேண்டும். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் இருப்பவர்கள், ஒருமுறை இறங்கி ஏறுவதை அந்த நாளின் முழு வேலையாகவே கணக்கிட வேண்டும். நாடித்துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரம் சிலருக்கு உதவுகிறது, கட்டாயமில்லை.

விழுங்கவோ பேசவோ முடியாத அளவுக்கு மோசமடைந்தவர்களை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. மருத்துவமனையில் சேர்க்கும்போது, வெளிச்சமும் சத்தமும் குறைந்த படுக்கையைக் கேட்டு வாங்குங்கள். மற்றவர்கள், என்ன செய்தோம், அடுத்த மூன்று நாள் எப்படி இருந்தோம் என்று இரண்டு வாரத்துக்கு நாளொன்றுக்கு இரண்டு வரி குறித்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சரிவு எப்போது வந்தது, எதற்குப் பின் வந்தது என்பதை உங்கள் கேஸ் ஷீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.